மலை இறங்கிய ஊரில் தவக்காலம்

புதன் இரவு, கண்டி

எங்கள் மட்டக்களப்பில் வாவி இருக்கிறது, கடல் இருக்கிறது, கண்ணுக்கெட்டிய வரை வயல் இருக்கிறது. கிட்டத்தில் மலை என்று ஒன்றும் கிடையாது. ஞாயிறு பாடசாலையில் ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்று 121ஆம் சங்கீதத்தை மனப்பாடம் பண்ணியபோது, பர்வதம் என்பது எங்களுக்குக் கலண்டர் படம்தான். அந்தப் படத்து ஊர்களுக்குத்தான் வந்திருக்கிறேன். படம் இப்போது மாறிப்போயிருக்கிறது.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. எங்கள் பக்கம் வெள்ளம். அது எங்களுக்குப் பழகினது. மலைநாட்டில் நடந்தது வேறு. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மழையில் ஊறிய மலைகள் பிளந்து வீடுகள்மேல் இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி ஹட்டனில் இருக்கிறாள். டிசம்பரில் அவளுக்குப் போன் எடுத்து, சபையில் சாமான் சேர்க்கிறோம், என்ன அனுப்ப என்று கேட்டேன். “சாமான் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நீ வா” என்றாள். பாடசாலை, லீவு, உடைந்த பாதைகள் என்று இழுபட்டு இப்போதுதான் வர முடிந்தது. வருவதற்குள் தவக்காலமும் தொடங்கிவிட்டது.

அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் லொறி லொறியாகச் சாமான் வந்தது. கம்பளிச் சுவெட்டர்கூட வந்தது, மட்டக்களப்பு வெயிலுக்கு! எதை யார் தந்தார்கள் என்று இன்றைக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்த சில பெடியன்களைத்தான் மறக்க முடியவில்லை. உப்பேறிப்போன கிணறுகளை இறைத்துக் கழுவ வந்தவர்கள். பகலெல்லாம் இறைப்பார்கள், இரவில் எங்களோடு பள்ளிக்கூடத் திண்ணையில் படுப்பார்கள். பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. ஒருவன் கழுத்தில் செபமாலை கிடந்ததால் வேதக்காரன் என்று தெரியும், அவ்வளவுதான்.

பஸ் மாத்தளை வழியாக வந்தது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கி 200 வருடமானதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனார்கள். அந்தக் காலத்துச் சனம் கடல் தாண்டிக் காட்டுவழியே கால்நடையாக வந்த தடம் அது. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. நான் யன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே அந்தத் தடத்தைக் கடந்தேன்.

கண்டியில் இறங்கி வாவியைச் சுற்றி நடந்தேன். இந்த ஊருக்கு வந்தால் எனக்கு யோசப் வாஸ் அடிகளின் நினைவு வரும். நான் மெதடிஸ்த சபைக்காரி, புனிதர்களுக்கு விழா எடுப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனாலும் இந்த மனிதரை விட முடியாது. கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தவரை, போர்த்துக்கேய உளவாளி என்று இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையில் போட்டான். பிறகு அதே அரசன்தான் அவருக்கு அடைக்கலமும் கொடுத்தான். கிறிஸ்தவர்கள் துரத்த, ஒரு பௌத்த அரசன் காப்பாற்றிய கதை இது. எங்கள் பிரசங்கங்களில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1697இல் கண்டியில் பெரியம்மை. அரசன் உட்பட போக வழியுள்ளவர்கள் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள். வாஸ் போகவில்லை. உறவினரான கார்வாலோ அடிகளோடு அங்கேயே இருந்து நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார், புண் கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கியபோது தொலைக்காட்சியில் பார்த்தேன்; கூட்டமான கூட்டம். அந்த அம்மைக் காலத்துக் கண்டியில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

கால் வலி. நாளை ஹட்டன்.

வியாழன், ஹட்டன்

மலை ரயிலில் போக ஆசைதான். புயல் அந்தப் பாதையைப் பல இடங்களில் குலைத்துவிட்டதால் பஸ்ஸே கதி. கம்பளையில் மகாவலி வந்துபோன சேற்றுக் கறை கடைச் சுவர்களில் இன்னும் தெரிகிறது. நாவலப்பிட்டி, கினிகத்தேனை தாண்டியதும் குளிர் ஏறியது. கூடவே மலைகளில் செம்மண் கீறல்களும் தெரியத் தொடங்கின. முதலில் எண்ணிக்கொண்டு வந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

தோழி ஒரு பட்டியலோடு பஸ் நிலையத்தில் நின்றாள். கொப்பி, டோர்ச், நப்கின், பிள்ளைகளுக்கு உள்ளாடை, தறப்பாள். “பழைய சேல மட்டும் வேணாம்டி. மூட்ட மூட்டையா கெடக்கு” என்றாள். மெயின் வீதியில் ஒரு முஸ்லிம் கடைக்குள் போனோம். இந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின. முதலாளி உதடு காய்ந்துபோய் இருந்தார். சாமான் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கல்குலேட்டரில் அடித்த தொகையை அழித்துவிட்டு வேறொன்று அடித்தார். “கொள்முதல் வெல. தறப்பாள் ரெண்டு நம்ம கணக்கு. எழுதிக் கொடுக்காதீங்க, கொண்டுபோய்க் கட்டுங்க.”

இதைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. போனவர்களில் பலர் பிள்ளைகள்; ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்றவர்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு மற்றவர் போகாமல் ஒதுங்கி நடந்த காலம் ஒன்று இருந்தது. ‘பயப்படாதே’ என்று தொடங்குகிற எந்த வசனத்தையும் அந்த நாட்களில் என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் காரணம் சொன்னார்கள். தேவ சித்தம் என்றார்கள், சோதனை என்றார்கள், கடைசிக் காலத்து அடையாளம் என்றார்கள். ஓய்வுபெற்ற பழைய போதகர் ஒருவர் மட்டும் வந்தார், கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார், பொழுது படும்வரை இருந்துவிட்டு, “நாளைக்கும் வாறன்” என்று சொல்லிப் போனார். மறுநாளும் வந்தார். என் விசுவாசம் ஏதாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அந்தக் கதிரையால்தான்.

இரவு தோழி வீட்டுக்குப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கொண்டுவந்து கொடுத்தது. மிளகும் இஞ்சியும் தூக்கலாக, இந்தக் குளிருக்கு அமிர்தம்.

நாளை தோட்டம். அங்கே சிக்னல் இல்லையாம். எழுதி வைத்து ஹட்டனுக்குத் திரும்பியதும் போடுகிறேன்.

வெள்ளி இரவு, ஹட்டன்

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தலவாக்கலைக்கு முன்னால் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில் வழக்கமாக எல்லோரும் போட்டோ எடுப்பார்களாம். வானில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதை ஓரிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சாமானைத் தலையில் வைத்து நடை. திருப்பத்தில் மலை முழுதாகத் தெரிந்தது. பச்சைக்கு நடுவில் உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே செம்மண். தூரத்தில் ஒரு கோடு மாதிரி இருந்தது, கிட்டப் போனால் எங்கள் பாடசாலை மைதானத்தின் அகலம். அதன் கீழ் ஒரு லயம், தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு, இருந்ததாம். இப்போது ஒரு மூலையில் இரண்டு காம்பராச் சுவரும் ஒரு தண்ணீர்ப் பீலியும் மட்டும் நிற்கின்றன.

எனக்குக் கண்ணை எடுக்க முடியாமல் போனது வேறொன்றிலிருந்து. மேலே இருந்த தேயிலையில் ஒரு துண்டு வரிசை குலையாமல் அப்படியே வழுக்கி வந்து கீழே உட்கார்ந்திருக்கிறது. செடிகள் சாகவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் துளிர்த்து, பறிக்கிற பக்குவத்தைத் தாண்டி முற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. “கொழுந்துதான, பறிக்கலாம்தான். யாருக்கும் மனசு வரல மிஸ்” என்றார் எங்களோடு தறப்பாள் சுமந்து வந்த தம்பி.

வீடு போன குடும்பங்கள் பிள்ளைக் காம்பராவில் இருக்கின்றன. தொழிலுக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. இப்போது குடும்பத்துக்கு ஒரு சேலை மறைப்பு. சுவரில் ‘அ - அம்மா, ஆ - ஆடு’ படங்கள். அவற்றுக்குக் கீழே அடுப்பு, சட்டி, மடித்து வைத்த படங்கு, கொழுந்துக் கூடை. ஒரு பாட்டி எங்களுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். தான் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் வரை ஒருசந்தியாம். அவருடைய மகனும் பேத்தியும் மண்ணுக்குள் போனவர்கள். மகனை நான்காம் நாள் எடுத்தார்கள். பேத்தி இன்னும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது பாட்டி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார், கை நிற்கவில்லை.

சாயங்காலம் சிலுவைப்பாதை. பாட்டி பழைய மிஷன் கோயில்காரர், சிலுவைப்பாதை கத்தோலிக்கரது. இங்கே அந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மாரியம்மன் கோயில் தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட வந்தார். பதினான்கு நிலைகளுக்கும் கல்லும் படமும் கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் முதலாம் நிலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் நாலாவது, பாலத்தில் ஏழாவது என்று தோட்டத்தையே சுற்றி வந்தோம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு பிள்ளை டோர்ச் வெளிச்சத்தில் கொப்பியைப் பார்த்து வாசித்தது.

காமன் பொட்டலை நெருங்கும்போது தப்புச் சத்தம் கேட்டது. மாசி மாதம் அல்லவா, காமன் கூத்துக் காலம். சிவன் எரித்த மன்மதனுக்காக ரதி புலம்பி, அவனை மறுபடி எழுப்பி வாங்குகிற கூத்து. இந்த வருடம் ஆடுவதா வேண்டாமா என்று தோட்டத்தில் பெரிய பேச்சாம். ஆட்டம் குறைத்து, கம்பம் மட்டுமாவது நட்டுவிடுவோம் என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் ஊர்வலம் வந்ததும் தப்புக்காரர்கள் கையை நிறுத்தி எழுந்து நின்றார்கள். கடந்ததும் மறுபடி மெல்லத் தொடங்கினார்கள். அந்த அடியிலேயே மீதி நிலைகளுக்கு நடந்தோம். யாரும் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

பதினான்காம் நிலை மண் சரிந்த இடத்தின் ஓரத்தில். ‘இயேசு கல்லறையில் அடக்கம் செய்யப்படுகிறார்’ என்று அந்தப் பிள்ளை வாசித்தது. பாட்டி எனக்குப் பக்கத்தில் நின்றார். ரகசியம் பேசுகிற குரலில் இல்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்:

“அவருக்காவது கல்லறை கெடச்சிச்சு.”

நான் பாதிரியாரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் என்றால் யாராவது ‘ஷ்’ என்றிருப்பார்கள், அல்லது உடனே ஒரு வசனம் எடுத்துப் போட்டிருப்பார்கள். அவர் புத்தகத்தை மூடினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தப் பேத்தியின் பெயரைச் சொல்லி, கிடைக்காமல் போன மற்றவர்களின் பெயர்களையும் சொன்னார். கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்றது. அச்சடித்த செபம் அதோடு கைவிடப்பட்டது.

சனி, ஹட்டன்

ஓய்வு நாள் என்று தோழி டிக்கோயாவுக்குக் கூட்டிப்போனாள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் இருக்கிறது. 1878இல் தோட்டத்துரைமார் கட்டிய கருங்கல் கோயில். அழகான இடம், மறுக்க முடியாது. பின்னால் அவர்களுடைய கல்லறைகள். பலர் சின்ன வயதிலேயே போயிருக்கிறார்கள். பெயரும் வருடமும் வெட்டி, சுற்றிப் புல்லும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மலைகளில் தேயிலை நட்டவர்களின் புதைகுழிகளைத் தேடினால் தேயிலைச் செடிதான் கிடைக்கும்.

தோட்டத்துத் தமிழருக்கான திருச்சபை வேலை 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் தொடங்கியது. துரைமாரின் பணமும் அதில் இருந்தது. அதனால் எனக்கு இந்த வரலாற்றில் எப்போதும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மேல் வரிசையில் துரை, சம்பளக் கணக்கும் அவர் கையில் என்றால் கீழே இருக்கிறவன் எந்த நம்பிக்கையில் பாடுவான்? ஆனால் லயம் லயமாக நடந்து, எழுத்து சொல்லிக் கொடுத்து, பிரேதத்துக்கு முன்னால் நடந்தவர்கள் தமிழ் உபதேசிமார். கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் பெயர் இல்லை என்பதற்காக அவர்களைக் கணக்கில் விடக்கூடாது.

தோழி இன்னொரு பக்கத்தையும் சொன்னாள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அவள் அம்மாச்சியின் அக்கா குடும்பம் அப்படிப் போனதுதான், பிறகு பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பேசாமல் இருந்த கோயில்கள் பல. பேசியவர்களும் இருந்தார்கள். யேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரின் உரிமைக்காகக் கடைசிவரை எழுதியும் அலைந்தும் திரிந்தார். அவர் தமிழரில்லை.

மதியம் முழுக்க மழை. தோழியின் அம்மா மழைச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் யன்னலால் எட்டி மலையைப் பார்க்கிறார். நாங்கள் சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்த்ததும் அப்படித்தான். சோறு போட்டதும் அது, அடித்ததும் அது. கோபித்துக்கொண்டு வேறெங்கே போவது?

ஞாயிறு இரவு, ஹட்டன்

மறுபடி தோட்டம். மிஷன் கோயிலின் கூரை போய்விட்டதால் பிள்ளைக் காம்பரா விறாந்தையில் ஆராதனை. உபதேசியார் கிழமை நாட்களில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர். சட்டையில் அந்த வாசம் இருந்தது. பிரசங்கம் பத்து நிமிடம்கூட இல்லை, நல்லதாகவும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. 13ஆம் சங்கீதத்தை அவர் ஒரு வரி சொல்ல, சனம் திருப்பிச் சொன்னது.

‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’

அந்த ‘எதுவரைக்கும்’ வருகிற இடமெல்லாம் குரல் ஏறியது. பின்னால் நின்ற பெடியன்கள், கோயில் பக்கம் அவ்வளவாக வராதவர்களாம், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஆராதனைகளில் ஸ்தோத்திரத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குகிறோம். வேதத்திலேயே இருக்கிற முறைப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறோம் என்று யோசித்தேன். மூன்றில் ஒரு பங்கு சங்கீதம் அழுகையும் முறைப்பாடும்தான். அழ விடாத இடத்தில் சமாதானம் என்று சொல்வது வெறும் அமைதியாக இரு என்று அதட்டுவதுதான்.

அப்புறம் அறிவித்தல். அதுதான் நீளமாகப் போனது. வீடிழந்தவர்கள் புதிதாகக் கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவரிடம் காணி உறுதி ஏது? யார் யாருக்குப் பத்திரம் நிரப்பவில்லை, யாருடைய அடையாள அட்டை மண்ணில் போனது, புதன்கிழமை கிராம சேவகரிடம் யார் கூடப் போவது என்று உபதேசியார் பெயர் பெயராகக் கேட்டார். சம்பளத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. நாளொன்றுக்கு 1,750 ரூபாய் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். “பறிக்க மல இருந்தாத்தான பேரு விழும்” என்றார் ஒரு அக்கா. பேர் விழுவது என்றால் அன்றைய நாள் சம்பளம் பதிவாவது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கிருந்து இரண்டு பத்திரம் நிரப்பிக் கொடுத்தேன். ஆசிரியத் தொழிலுக்கு இப்படி ஒரு பயனாவது இருக்கட்டும்.

முடிந்து தேத்தண்ணி வரும்போது பாட்டி வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். வருடப் பிறப்பு இரவு ஆராதனையில் ஆளுக்கொன்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டை. ஓரத்தில் ரோஜாப் பூ. நடுவில் ஏசாயா 54:10: ‘மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும்...’

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் மகனைப் புதைத்தவர் கையில், தட்டிலிருந்த அத்தனை அட்டைகளுக்குள் இதுவா வர வேண்டும்?

“கொண்டுபோயித் திருப்பிக் குடுத்துட்டேன் மிஸ்” என்றார் பாட்டி. “ஒபதேசியாரு மொகத்தப் பாக்கணுமே. பாட்டி, நீங்க வேற ஒன்னு எடுத்துக்கங்கன்னு தட்ட நீட்டுறாரு. அவரு கையி நடுங்குது.”

“எடுத்தீங்களா?”

“எடுக்கப் போனேன். அப்புறம் யோசிச்சேன். மொதப் பாதி நடந்துருச்சில்ல? நாந்தான கண்ணால பாத்தேன். மிச்சப் பாதி நடக்குதா இல்லயான்னு பாக்காம எப்புடி விடுறது. குடுய்யா அதையேன்னு வாங்கிக்கிட்டேன்.”

நடக்கிறதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“சில நாளு. நேத்து மழையில ஒன்னும் இல்ல. வெள்ளிக்கெழம நம்ம புள்ள பேர அந்தச் சாமியாரு சத்தமாச் சொன்னாரே, அப்ப இருந்துச்சு.”

சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று கேட்டார்.

இறங்கி வரும்போது தறப்பாள் தம்பி பாலம்வரை வந்தார். கோயில் கூரையை உயிர்த்த ஞாயிறுக்குள் போட்டுவிட வேண்டுமாம். தகரம் ஓரளவு சேர்ந்துவிட்டது, ஆட்கள்தான் காணாது. பாதி இளைஞர் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை நான் திரும்ப வருகிறேன். எங்கள் சபையிலிருந்து வர விரும்புகிற பெடியன்கள் சொல்லுங்கள், வான் ஒன்று பேசலாம். ஆணி அடிக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் தகரம் சுமக்கலாம், கடைசி ஒரு மைல் நடைதான். பாடசாலைத் தரையில்தான் படுக்கை, போர்வை கொண்டு வாருங்கள். பழைய சேலை யாரும் கட்டித் தர வேண்டாம். பாட்டி மட்டக்களப்புக் கருவாடு கேட்டிருக்கிறார். தவக்காலம் முடிந்த பிறகுதான் தொடுவாராம், ஆனால் முன்னமே கண்ணில் பட வேண்டுமாம். அதை நான் கொண்டுவருகிறேன்.